சரக்கு வண்டியின் பாடிக்கு எந்தப் பூச்சு?

மாட்டு வண்டி நின்ற களத்து மேட்டில் இன்று பல ஊர்களில் சிறிய சரக்கு வண்டி நிற்கிறது. 2005-ஆம் ஆண்டில் டாட்டா ஏஸ் வண்டி விற்பனைக்கு வந்தது. 'குட்டி யானை' என்று மக்களே பெயர் சூட்டி அழைக்கும் அளவுக்கு அது கிராமத்தோடு ஒன்றிவிட்டது. அதைவிடச் சற்றுப் பெரிய பிக்கப் வண்டிகளும் பெருகின. விடியற்காலையில் தக்காளிப் பெட்டிகள், திரும்பும்போது யூரியா மூட்டைகள், மறுநாள் கோழி எரு, சந்தை நாளில் ஆடுகள், இடையில் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஜல்லியும் மணலும் என எல்லாச் சுமையும் ஒரே வண்டியில்தான் ஏறுகிறது.

இத்தனையையும் தாங்குவது பின்புறமுள்ள சரக்குப் பெட்டி. பட்டறைக்காரர்கள் இதைப் 'பாடி' என்கிறார்கள். எஞ்சினுக்கு வேளை தவறாமல் ஆயில் மாற்றுகிறார்கள். டயருக்குக் காற்றுப் பார்க்கிறார்கள். பாடியைப் பற்றி நினைப்பவர்கள் குறைவு. சில மழைக்காலங்கள் கடந்து, தரைத் தகட்டில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்த பிறகுதான் பட்டறை ஞாபகம் வருகிறது. பழைய தகட்டை வெட்டியெடுத்து, புதிய தகடு வைத்து வெல்டிங் செய்து முடிக்கும்வரை வண்டி நிற்கும். அறுவடைக் காலமாக இருந்தால் வாடகை வண்டிக்கும் பணம் கொடுக்க வேண்டும். கடன் தவணையையும் கட்ட வேண்டும்.

இதைத் தவிர்க்கப் பாடியின் உட்புறத்தில் தடித்த ரப்பர் போன்ற ஒரு பூச்சைத் தெளிக்கும் முறை உண்டு. பிக்கப் வண்டிகள் மிகுந்த அமெரிக்காவில் இது நெடுநாளாகப் பழக்கத்தில் உள்ளது. நம் நாட்டிலும் பெருநகரங்களில் இந்த வேலையைச் செய்வோர் இருக்கிறார்கள். செலவு கொஞ்சமல்ல. ஆகவே இதைச் செய்துகொள்ள வேண்டியவர் யார், எப்படித் தேர்ந்தெடுப்பது, எங்கே ஏமாற வாய்ப்புண்டு என்பதைச் சிறு விவசாயிகள் தெரிந்துகொள்வது நல்லது.

துரு எங்கிருந்து தொடங்குகிறது?

கம்பெனியிலிருந்து வரும் வண்டியின் பாடிக்குப் பெயிண்ட் அடித்துத்தான் தருகிறார்கள். அந்தப் பெயிண்ட் ஒரு மில்லி மீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனம்கூட இருக்காது. கலப்பையையோ பம்ப்செட்டையோ ஒரு முறை இழுத்து ஏற்றினால் கீறல் விழுந்துவிடும். கீறலில் இரும்பு வெளியே தெரிகிறது. அதன்மேல் ஈரமும் காற்றும் படும்போது துரு தொடங்குகிறது. இது எல்லோரும் அறிந்ததே.

விவசாயியின் வண்டி மற்ற வண்டிகளைவிட விரைவில் துருப்பிடிப்பதற்குத் தனிக் காரணம் உண்டு. மூட்டையிலிருந்து சிந்தும் உரம் காற்றிலுள்ள ஈரத்தைத் தானாகவே இழுத்துக்கொள்ளும். கோடை வெப்பநிலையில் காற்றின் ஈரப்பதம் எழுபத்தைந்து சதவீதத்தை ஒட்டி உயர்ந்தாலே யூரியா கசியத் தொடங்கிவிடும். மழையே பெய்யாத நாளிலும் பாடியின் மூலையில் உரம் கரைந்து நிற்பது இதனால்தான். பொட்டாஷ் உரத்தில் குளோரைடு இருக்கிறது. சாப்பாட்டு உப்பு இரும்பை அரிப்பதைப் போலவே அதுவும் அரிக்கும். அம்மோனியம் சல்பேட் ஈரத்தோடு சேர்ந்து அமிலத் தன்மை கொள்ளும். இவற்றோடு தக்காளிச் சாறு, ஊறுகாய்ப் புல்லின் புளித்த நீர், ஆட்டு மூத்திரம், கோழி எரு ஆகியவையும் சேர்கின்றன. எருவிலிருந்து கிளம்பும் அம்மோனியா செம்பையும் விடுவதில்லை. பின் விளக்கு ஒயர் அடிக்கடி கெட்டுப்போவதற்கு அதுவும் ஒரு காரணமாகலாம்.

துரு முதலில் தோன்றும் இடம் தரையின் நடுப்பகுதியாக இருப்பது அரிது. தரைத் தகட்டின் வரிப் பள்ளங்கள், முன் தடுப்பும் தரையும் சேரும் மூலை, பின் கதவுக் கீலின் அடிப்பகுதி, வெல்டிங் வைத்த இணைப்புகள் ஆகிய இடங்களில்தான் குப்பையும் ஈரமும் தங்கும். வாளித் தண்ணீரை வீசிக் கழுவும்போது அழுக்கெல்லாம் போய்ச் சேருவதும் அங்கேதான்.

ஸ்பிரே பூச்சுக்கு முன் மற்ற வழிகள்

பாடியின் தரை 8 அடி நீளம், 5 அடி அகலம் உள்ள ஒரு வண்டியைக் கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். தரையின் பரப்பு 40 சதுர அடி.

பலரும் முதலில் நினைப்பது 'செக்கர் பிளேட்' எனப்படும் மேடுபள்ளத் தகடு. 3 மி.மீ. தகட்டைத் தரை முழுவதும் போட்டால் எடை 90 கிலோவுக்கு மேல் போகும். அது 45 கிலோ யூரியா மூட்டை இரண்டுக்குச் சமம். வண்டி ஓடும் நாளெல்லாம் அந்த இரண்டு மூட்டையைச் சும்மா சுமந்துகொண்டே இருக்க வேண்டும். சுமக்க அனுமதிக்கப்பட்ட எடையிலும் அவ்வளவு குறையும். அது மட்டுமின்றி, மேல் தகட்டுக்கும் பழைய தரைக்கும் இடையில் உரநீர் இறங்கினால் வெளியே வர வழியில்லை. மேலே பளபளவென்று இருக்க, அடியில் தரை கரைந்துகொண்டிருக்கும். ஜல்லி, கருங்கல், இரும்புச் சாமான் ஏற்றுவதே முக்கியத் தொழில் என்றால் தகடு போடலாம். காய்கறி வண்டிக்கு வேண்டியதில்லை.

12 மி.மீ. பிளைவுட் போட்டால் 30 கிலோ அளவில் முடிந்துவிடும். 10 மி.மீ. ரப்பர் விரிப்பு 45 முதல் 50 கிலோ வரை வரும். இவை இரண்டும் மோசமில்லை. ஆனால் மாதம் ஒரு முறையாவது வெளியே எடுத்து, அடியில் கழுவிக் காயவைத்தால்தான் பயன்படும். ஆணியடித்து நிரந்தரமாகப் பொருத்திவிட்டால் செக்கர் பிளேட்டுக்குச் சொன்ன குறை இதற்கும் உண்டு. அச்சில் வார்த்த பிளாஸ்டிக் தட்டும் கிடைக்கிறது. வண்டி ஆடும்போது அது பெயிண்ட்டின் மேல் உரசிக்கொண்டே இருக்கும், மேற்பரப்பும் வழுக்கும்.

தகட்டோடு தகடாக ஒட்டிக்கொண்டு, இடையில் ஈரம் இறங்க இடம் தராமல் இருப்பதுதான் ஸ்பிரே பூச்சின் சிறப்பு. ஒட்டாவிட்டால் அந்தச் சிறப்பு முழுவதும் போய்விடும். இந்தக் கட்டுரையின் மற்ற செய்திகளை மறந்தாலும் இதை நினைவில் வைக்க வேண்டும்.

இரண்டு திரவம், ஒரு தோல்

ஸ்பிரே பூச்சில் இரண்டு திரவங்கள் உள்ளன. ஒன்று ஐசோசயனேட் என்ற இரசாயனம். அதனுடன் சேரும் இரண்டாவது திரவம் எது என்பதைப் பொறுத்துப் பூச்சின் பெயர் மாறும். பாலியால் வகை சேர்ந்தால் பாலியூரித்தேன். அமீன் வகை சேர்ந்தால் பாலியூரியா. பாலியூரித்தேனுக்கு வழிகாட்டிய வேதியியலை ஜெர்மனியில் ஓட்டோ பேயர் என்ற அறிஞர் 1937-இல் கண்டறிந்தார். பாலியூரியாவைத் தெளிப்பது 1980-களில் அமெரிக்காவில் வளர்ந்த முறை. பெயரைக் கேட்டதும் வயலுக்கு இடும் யூரியாவைக் கரைத்து அடிப்பார்களோ என்று எண்ண வேண்டாம். அணுக்கள் பிணைந்திருக்கும் விதத்தில் இரண்டுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. அதனால் வந்த பெயர்.

பாலியூரியா சில விநாடிகளில் இறுகிவிடும். எனவே இரண்டு திரவங்களையும் தனித்தனியே சூடாக்கி, உயர்ந்த அழுத்தத்தில் துப்பாக்கி முனையில் கலந்து தெளிக்கும் இயந்திரம் வேண்டும். சாதாரணக் கம்ப்ரஸரிலும் பெயிண்ட் துப்பாக்கியிலும் இதைச் செய்ய முடியாது. "பாலியூரியா அடித்துத் தருகிறேன்" என்று சொல்லும் பட்டறையில் அந்த இயந்திரம் இல்லையென்றால், அடிக்கப்போவது வேறு ஏதோ பொருள் என்று தெரிந்துகொள்ளலாம். பாலியூரித்தேன் சற்று மெதுவாக இறுகும். விலையும் பொதுவாகக் குறைவு. ஆனால் தெளிக்கும்போது தகட்டிலோ காற்றிலோ ஈரம் மிகுந்திருந்தால் உள்ளே வாயுக் குமிழ்கள் உண்டாகி, பூச்சு பொங்கிய ஆப்பம்போல் துளை துளையாகிவிடும். நல்ல கைக்காரர் வறண்ட நாளில் செய்தால் விவசாயியின் வண்டிக்கு இரண்டுமே போதும்.

அடியில் உள்ள தகடுதான் முக்கியம்

பூச்சு தோல்வியடைந்து உரிந்துபோவதற்குப் பெரும்பாலும் பூச்சுப் பொருளைக் காரணம் சொல்வதற்கில்லை. தகட்டைச் சுத்தம் செய்யாமல் அடித்ததே காரணமாக இருக்கும். துருவின்மேல் தெளித்தால், பூச்சு துருவைத்தான் பிடித்துக்கொள்ளும். துருவோ இரும்பைப் பிடிக்காமல் செதிலாக நிற்கிறது. உள்ளே மிச்சமிருக்கும் உர உப்பு ஈரத்தை இழுக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தை அடைக்கும். ஆகவே பூச்சு கொப்புளம்போல் மேலெழும். ஓரிடத்தில் கிழிந்தால் போதும். மழைநீர் உள்ளே புகுந்து வெளியேறாமல் நிற்கும். பூச்சே இல்லாத வண்டியாக இருந்தால் வெயிலில் காய்ந்தாவது இருக்கும்.

எனவே பணம் கொடுக்கும் முன் பட்டறையில் கேட்க வேண்டியது விலையை மட்டுமல்ல. தகட்டை எப்படித் தயார் செய்வார்கள் என்பதையும் வரிசையாகச் சொல்லச் சொல்ல வேண்டும். முதலில் சோப்புத் தண்ணீரில் உரமும் எண்ணெய்ப் பிசுக்கும் போகக் கழுவ வேண்டும். கழுவாமலே கிரைண்டர் வைத்தால் எண்ணெயும் உப்பும் தகட்டின் கீறல்களுக்குள் தேய்ந்து இறங்கிவிடும். கழுவிக் காய்ந்தபின், துருப்பிடித்த இடத்தைச் சாண்ட் பிளாஸ்டிங் மூலமோ, கிரைண்டர், கம்பி பிரஷ் கொண்டோ வெள்ளை இரும்பு தெரியும்வரை எடுக்க வேண்டும். நல்ல பெயிண்ட் உள்ள இடத்தையும் உப்புத்தாள் போட்டுப் பளபளப்புப் போகச் சொரசொரப்பாக்க வேண்டும். ஓட்டையோ மெலிந்த இடமோ இருந்தால் வெல்டிங் வேலை அப்போதே முடிய வேண்டும். பிறகு தூசி துடைத்து, பூச்சுக் கம்பெனி சொல்லும் பிரைமரை அடித்து, அது சொல்லும் நேரத்துக்குள் பூச்சைத் தெளிக்க வேண்டும். இரும்பு தெரிய எடுத்த தகட்டை ஓர் இரவு திறந்த வெளியில் விட்டாலே பனியில் மீண்டும் செம்மை படர்ந்துவிடும்.

"இரண்டே மணி நேரத்தில் முடித்துத் தருகிறோம்" என்று சொல்லும் இடத்தில் இந்த வேலைகள் நடக்கப்போவதில்லை.

துருவைக் கறுப்பாக்கும் திரவங்கள் கடையில் கிடைக்கின்றன. அவற்றில் சிலவற்றில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் உள்ளது. கடுக்காயை இரும்போடு சேர்த்து மை தயாரித்த காலத்தில் நம் முன்னோர் கண்ட கறுப்பும் இதே வகைதான். சாதாரணப் பெயிண்ட் அடிக்கும் முன் இவை உதவும். ஸ்பிரே பூச்சுக்கு அடியில் இவற்றை இடலாமா என்பதைப் பூச்சுக் கம்பெனியின் குறிப்பைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

இதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. இந்தச் செலவைச் செய்வதாக இருந்தால் வண்டி புதிதாக இருக்கும்போதே செய்வது நல்லது. துருவை எடுக்கும் கூலியும் வெல்டிங் கூலியும் அப்போது இல்லை. ஐந்தாறு வருடம் எரு சுமந்த வண்டிக்குப் பூச்சு அடிக்க வேண்டுமென்றால், தகட்டு வேலைக்கு ஆகும் செலவையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும். தரை பாதிக்கு மேல் அரித்துவிட்டதென்றால் தரையையே மாற்றுவது மேல். லாரி பாடி கட்டுவதற்குப் பேர்போன நாமக்கல், திருச்செங்கோடு பகுதிகளில் மட்டுமன்றி, எல்லா வட்டாரத் தலைநகரங்களிலும் இந்தத் தகட்டு வேலை தெரிந்தவர்கள் உண்டு.

மழைமானிக் கணக்கு

பூச்சின் கனத்தில்தான் ஏமாற்றம் மிகுதி. தரைக்கு 2 முதல் 3 மி.மீ. வரையும், பக்கச் சுவர்களுக்கு ஒன்றரை மி.மீ. அளவும் இருந்தால் நல்ல பூச்சு. பட்டறைகளில் 'மில்', 'மைக்ரான்' என்று இரு அளவுகளைச் சொல்வார்கள். மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஏறத்தாழ 40 மில் சேர்ந்தால் ஒரு மி.மீ. மைக்ரான் என்பது மில்லி மீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 80 மில் என்றால் 2 மி.மீ. கனம். 80 மைக்ரான் என்றால் சாதாரணப் பெயிண்ட்டின் கனம்தான். ரசீதில் எந்த அளவு எழுதியிருக்கிறது என்று பார்த்து வாங்க வேண்டும்.

கனத்தைச் சரிபார்க்க ஒரு சுலபமான கணக்கு உண்டு. ஒரு சதுர மீட்டர் நிலத்தில் 1 மி.மீ. மழை பெய்தால் அது ஒரு லிட்டர் தண்ணீர். பூச்சுக்கும் இதே கணக்குத்தான். ஒரு சதுர மீட்டர் என்பது பத்தே முக்கால் சதுர அடி. மேலே சொன்ன வண்டியின் தரை 40 சதுர அடி. ஓரடி உயரச் சுவர்கள் நான்கும் சேர்ந்து 26 சதுர அடி. ஆக 66 சதுர அடி, அதாவது ஆறு சதுர மீட்டருக்குச் சற்று மேல். சராசரி 2 மி.மீ. கனம் வேண்டுமானால் இரண்டு திரவங்களும் சேர்ந்து பன்னிரண்டு லிட்டருக்குக் குறையாமல் பாடியில் ஒட்ட வேண்டும். வரிப் பள்ளங்கள் ஆழமாக இருந்தாலும், தெளிப்பில் சிதறும் சேதத்துக்காகவும், இன்னும் கொஞ்சம் கூடும். ஆறு லிட்டரில் வேலையை முடித்துவிட்டு 2 மி.மீ. என்று சொன்னால் அது நடக்காத காரியம். வேலை நடக்கும் நாளில் அருகிலிருந்து, தொடங்கும் முன்னும் முடிந்த பின்னும் டிரம்மில் உள்ள அளவைப் பார்த்துக்கொள்வதில் தவறில்லை. பூச்சு லிட்டருக்கு ஒரு கிலோவுக்குச் சற்றே கூடுதலான எடை உள்ளது. ஆகவே 2 மி.மீ. பூச்சினால் வண்டிக்குக் கூடும் எடை 13 கிலோ அளவுதான்.

தின்னர் கலந்து டப்பாவில் வரும் பூச்சுகளுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. தின்னர் ஆவியாகிப் போனபின் கனம் குறையும். பாதி தின்னர் என்றால் பாதிக் கனமே மிஞ்சும்.

சுமைக்கு ஏற்ற தன்மை

பூச்சில் மெத்தென்ற வகையும் கெட்டி வகையும் உண்டு. மேற்பரப்பைச் சொரசொரப்பாகவும் வழவழப்பாகவும் விடலாம். இதை விற்பவர் விருப்பத்துக்கு விடாமல், தம் வண்டியில் அதிகம் ஏறுவது எது என்று பார்த்து விவசாயியே சொல்ல வேண்டும்.

தக்காளி, கத்தரி போன்றவற்றைப் பெட்டிகளில் ஏற்றிச் செல்வோருக்கு மெத்தென்ற, சொரசொரப்பான பூச்சு ஏற்றது. மலைச் சாலை வளைவுகளில் பெட்டி நகராது. ஆடு, கன்று ஏற்றுவோருக்கும் இதுவே நல்லது. வெறும் தகட்டில் குளம்பு வழுக்கிக் கால் ஒடிந்த ஆடு சந்தையில் பாதி விலைக்குக்கூடப் போகாது. பூச்சு இருந்தாலும் அதன்மேல் வைக்கோல் பரப்ப வேண்டும்.

எரு, மணல் முதலியவற்றை ஏற்றி மண்வெட்டியால் தள்ளி இறக்குவோருக்குச் சொரசொரப்பு இடைஞ்சல். எரு அதன் குழிகளில் தங்கும், மண்வெட்டி தடுக்கும். இவர்கள் கெட்டியான, ஓரளவு வழவழப்பான பூச்சைக் கேட்கலாம். மண்வெட்டியின் கூர்முனை படாமல், தேய்ந்த விளிம்புள்ள பழைய மண்வெட்டியைப் பயன்படுத்தினால் பூச்சு நெடுநாள் வரும்.

வாழைத்தார் ஏற்றுவோர் எந்தப் பூச்சு அடித்தாலும் அடியிலும் பக்கத்திலும் வாழைச் சருகு வைப்பதை விடக்கூடாது. சொரசொரப்பில் உரசிய காய் மறுநாள் கறுத்துவிடும்.

நிறத்தையும் கவனிக்க வேண்டும். பெரும்பாலும் கறுப்பில்தான் அடித்துத் தருகிறார்கள். சித்திரை வெயிலில் காலி வண்டியை நிறுத்திவைத்துவிட்டு அதில் கீரையையோ மல்லிகைப் பூவையோ ஏற்றினால், அடியில் உள்ளது சந்தை போவதற்குள் வாடிவிடும். சாம்பல் போன்ற வெளிர் நிறம் கிடைத்தால் கேட்டு வாங்கலாம். ஆனால் 'அரோமேட்டிக்' எனப்படும் சாதாரண வகையில் வெளிர் நிறம் வெயிலில் மஞ்சளித்து மங்கும். 'அலிபாட்டிக்' வகை மங்காது, விலை கூடுதல். மங்கினால் அழகு குறையுமே தவிரக் கனமான பூச்சின் பலம் உடனே குறைந்துவிடாது. அழகுக்காக அதிக விலை கொடுப்பதைவிட, கறுப்பு அடித்துக்கொண்டு, கீரை ஏற்றும் நாளில் வண்டியை நிழலில் நிறுத்தி ஈரச் சாக்கு விரிப்பது சிக்கனம்.

எப்போது செய்வது?

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இந்த வேலையை வைத்துக்கொள்ள வேண்டாம். தகட்டின் வெப்பநிலை, பனி படியும் வெப்பநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி செல்சியஸ் கூடுதலாக இருக்க வேண்டும் என்பது பூச்சு வேலையில் பொதுவான விதி. மார்கழி, தை மாதங்களில் காலைப் பனியில் நனைந்த தகடு வெயில் ஏறிக் காய்ந்த பிறகே தெளிக்க வேண்டும். ஆடிக் காற்றில் திறந்த வெளியில் அடித்தால் பூச்சில் பாதி புழுதியாக இருக்கும். மாசி, பங்குனி வசதியான காலம்.

பூச்சு தொட்டால் ஒட்டாத நிலைக்கு விரைவில் வந்துவிடும். முழு பலம் பெறச் சில நாட்கள் ஆகும். ஒரு நாள் கழித்துக் காய்கறிப் பெட்டி ஏற்றலாம். உரம், எரு, கல் ஆகியவற்றை ஒரு வாரம் ஏற்றாமல் இருப்பது நல்லது. அறுவடைக்கு முந்தின வாரத்தில் இதைத் தொடங்குவது சரியாகாது.

தெளிப்பவரின் மூச்சு

பயிருக்கு மருந்தடிப்பதில் உள்ள ஆபத்தை விவசாயிகள் அறிவார்கள். ஐசோசயனேட் தெளிப்பு அதற்குக் குறைந்ததல்ல. இந்த ஆவியைச் சுவாசித்தவர்களுக்கு ஆஸ்துமா வரக்கூடும். ஒருமுறை உடல் ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவிலேயே மூச்சுத் திணறும். மூக்கில் துண்டு கட்டிக்கொள்வது பயனற்றது. வெளியிலிருந்து நல்ல காற்றைக் குழாய் வழியாகத் தரும் முகமூடி, உடலை மூடும் உடை, கையுறை ஆகியவற்றோடுதான் இதைத் தெளிக்க வேண்டும். பட்டறையில் பையன் ஒருவன் வெறும் முகத்தோடு தெளித்துக்கொண்டிருந்தால் அந்த இடத்தை விட்டு வருவதே நல்லது. பணியாளைக் காக்காத இடத்தில் தகட்டைக் கவனித்துச் சுத்தம் செய்வார்கள் என்று நம்புவதற்கில்லை. தெளிக்கும்போது வண்டிக்காரரும் பிள்ளைகளும் தள்ளியே இருக்க வேண்டும்.

இறுகிய பிறகு அச்சமில்லை, நெருப்புப் படாதவரை. பூச்சு உள்ள பாடியில் பின்னால் வெல்டிங் வைக்க நேர்ந்தால், அந்த இடத்தைச் சுற்றிப் பூச்சைச் சுரண்டி எடுக்கச் சொல்ல வேண்டும். எரியும் பூச்சிலிருந்து வரும் புகை நச்சுப் புகை.

பவர் டில்லருக்கும் தெளிப்பான் இயந்திரத்துக்கும் பெட்ரோல் வாங்கச் செல்வோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பிளாஸ்டிக் விரிப்புள்ள பிக்கப் வண்டியில் கேனை வைத்தபடியே பெட்ரோல் நிரப்பியபோது, நிலை மின்சாரத்தால் தீப்பிடித்த நிகழ்ச்சிகளைப் பற்றி அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1998-இல் எச்சரித்தது. ஸ்பிரே பூச்சும் மின்சாரத்தைத் தரைக்குக் கடத்தாத பொருள்தான். பங்க்கில் கேனை வண்டியிலிருந்து இறக்கித் தரையில் வைத்தே நிரப்ப வேண்டும்.

பழைய வண்டி வாங்குவோர்

கறுப்புப் பூச்சு பழைய வண்டி விற்பவர்களுக்கு ஒரு நல்ல முகமூடி. அரித்த தரையில் பட்டி பூசி, மேலே மெல்லிய பூச்சை அடித்துவிட்டால் மேலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தால்தான் தெரியும். அடிப்பக்கம் துருச் செதில் உதிர்கிறதா, குறுக்குச் சட்டத்தோடு தரை சேரும் இடம் அரித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிறு சுத்தியலால் அங்கங்கே தட்டினால் நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். அரித்த இடம் மொத்தென்று கேட்கும். வடிகால் துளைகளைப் பூச்சால் அடைத்திருக்கிறார்களா என்பதையும் பார்க்க வேண்டும். கவனமாக வேலை செய்தவர் துளைகளைத் திறந்தே விட்டிருப்பார்; கீல், கொக்கி, தாழ்ப்பாள் ஆகியவற்றின்மேல் பூச்சுப் படாமல் மறைத்துத் தெளித்திருப்பார்.

யாருக்கு வேண்டாம்?

வாரத்துக்கு ஒன்றிரண்டு நடை மட்டும் ஓடி, மீதி நாளெல்லாம் கொட்டகையில் நிற்கும் வண்டிக்கு இந்தச் செலவு தேவையில்லை. வருடத்துக்கொரு முறை நன்றாகக் கழுவி, துருவை உப்புத்தாளால் எடுத்து, எபாக்சி பிரைமரும் அதன்மேல் எனாமல் பெயிண்ட்டும் அடித்து, உரம் ஏற்றும்போது தார்ப்பாய் விரித்துக்கொண்டால் போதும். டப்பாவில் வாங்கி ரோலரால் தாமே பூசிக்கொள்ளும் ரப்பர் கலந்த பூச்சும் இவர்களுக்கு ஏற்றது. இரண்டு மூன்று கை பூசினாலும் காய்ந்தபின் அரை மி.மீ. அளவுதான் கனம் இருக்கும். சில வருடங்களில் மீண்டும் பூச வேண்டும். தகட்டைத் தயார் செய்வதில் மட்டும் இதற்கும் விலக்கில்லை. இதிலும் ஐசோசயனேட் கலந்த வகை உண்டு. டப்பாவின் எச்சரிக்கையைப் படித்துத் திறந்த வெளியில் பூச வேண்டும்.

நாள்தோறும் சந்தை நடை, உரம், எரு, கால்நடை என்று ஓடும் வண்டி, அதிலும் கடற்கரையோர மாவட்டங்களில் உப்புக் காற்றில் நிற்கும் வண்டி, இவற்றுக்கு நல்ல ஸ்பிரே பூச்சு போட்ட பணத்துக்குப் பலன் தரும். தனியாக முடியாவிட்டால், நான்கைந்து வண்டிக்காரர்கள் சேர்ந்து ஒரே பட்டறையில் பேசினால் விலை குறைத்துக் கேட்கவும் முடியும்; வேலை நடக்கும்போது மாறி மாறி அருகிலிருந்து பார்க்கவும் முடியும்.

பூச்சு அடித்த பின்

பூச்சு அடித்துவிட்டதால் கழுவும் வேலை போய்விடாது. உரமும் எருவும் இறக்கிய அன்றே, மூலைகளில் தண்ணீர் பாயும்படி கழுவி, வண்டியைச் சற்றுச் சரிவாக நிறுத்தி வடியவிட வேண்டும். டீசல், ஆயில் சிந்தினால் சோப்புப் போட்டு எடுக்க வேண்டும். நெல், கம்பு முதலிய தானியங்களையும் மாட்டுத் தீவனத்தையும் பூச்சின்மேல் நேரடியாகக் கொட்டாமல் சுத்தமான படுதா விரித்துக் கொட்ட வேண்டும். பூச்சிமருந்து சிந்திய பாடியில் இது மிக முக்கியம். சொரசொரப்பான பூச்சின் குழிகளில் தங்கிய மருந்து ஒரே கழுவலில் போய்விடாது. மருந்துப் புட்டிகளை விளிம்பு உயர்ந்த தனித் தட்டில் வைத்துக் கொண்டுவந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

மழைக்காலம் தொடங்கும் முன் ஒரு முறை, பின் கதவைத் திறந்து, பூச்சு முடியும் ஓரங்களைக் கையால் தடவிப் பார்க்க வேண்டும். உரிதல் அங்கிருந்துதான் தொடங்கும். இரும்பு தெரியும்படி கிழிந்த இடத்தை அப்படியே விட்டால் துரு பூச்சின் அடியில் ஊர்ந்து போகும். தளர்ந்த பகுதியைக் கத்தியால் வெட்டியெடுத்து, உப்புத்தாள் தேய்த்து, காயவைத்து, அதே கம்பெனியின் பழுதுபார்க்கும் பூச்சைத் தடவ வேண்டும். பூச்சு அடிக்கும் நாளிலேயே அதில் ஒரு சிறு டப்பாவையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளலாம்; திறக்காமல், நிழலில், காலாவதித் தேதியைப் பார்த்து வைக்க வேண்டும்.